தராசுக்காரர் வீட்டில் தராசு இல்லாத இரண்டு மாதம்

என் தங்கை வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தராசுக்காரர் என்றால்தான் தெரியும். தராசு ரிப்பேர் பார்ப்பது தொழில். காய்கறிக் கடை, கறிக்கடை, தபால் ஆபீஸ், சிமெண்ட் கிடங்கு என்று எங்கே எடை மெஷின் மக்கர் செய்தாலும் இவரைத்தான் தேடி வருவார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார், எடைக்கல்லை வைத்துப் பார்ப்பார், ஒரு திருகாணியை அரைச் சுற்று திருப்புவார், எண் சொன்னபடி கேட்கும். இருபது வருஷமாக இதே வேலை. 'சுமாராக', 'ஏறக்குறைய' என்ற வார்த்தைகளெல்லாம் அவர் வாயில் வரவே வராது. முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, உங்கள் சமையலறைத் தராசு ஆறு கிராம் கூடக் காட்டுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் காபியைத் தொட்டார். என் தங்கைக்கு அது பிடித்துப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் குறை சொல்லக் கூடாது. அவர்கள் வீட்டுக்கு மேல் மாடியில் தையல் மெஷின் போட்டுக்கொண்டு இருக்கிறேன். கீழே ஒரு ஸ்பூன் விழுந்தால் எனக்குக் கேட்கும். தங்கை ரொட்டி ஃபேக்டரியில் பாக்கெட் கட்டுகிறாள். விடிந்தும் விடியாமல் வேன் வந்துவிடும், திரும்ப மூன்று மணி ஆகும். அதுவரைக்கும் குழந்தை அப்பா பொறுப்பு. பட்டறை வீட்டுக்குப் பின்பக்கமே இருந்ததால் அது ஒரு கஷ்டமாகத் தெரியவில்லை.

குழந்தைக்கு அவர் வைத்த செல்லப் பேர் குந்துமணி. பேர் வைத்த நேரமோ என்னவோ, மூன்று வயதாகியும் குந்துமணியாகவே இருந்தாள். ஓடுவாள், பாடுவாள், ஊர்க்கதையெல்லாம் பேசுவாள், சாப்பாட்டைக் கண்டால் மட்டும் வாயைப் பூட்டிக்கொள்வாள். போன வருஷம் நான் தைத்துக்கொடுத்த கவுன் இந்த வருஷமும் அவளுக்குச் சரியாக இருந்தது. தையல்காரிக்கு அதைவிடக் கெட்ட சேதி கிடையாது. அளவு டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, "நாளைக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க" என்று சத்தம் போட்டேன்.

நானும் கூடவே போனேன். டாக்டர் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே என்று எதையும் விடவில்லை. எல்லாம் நன்றாக இருந்தது. எடைதான் பத்து கிலோ நூறு கிராம்.

"நோய்னு எதுவும் இல்ல. உள்ள போறது உடம்புக்குப் பத்தல, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "மூணு மாசம் பார்ப்போம். பத்து கிலோ எண்ணூறாவது வந்தாகணும். வரலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்து, மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு கொடுக்கணும். இப்படியே விட்டா வளர்த்தி நின்னுடும்."

குழாய் என்ற வார்த்தையைக் கேட்டதும் தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதாள். குந்துமணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகிற வருகிற நாய்களை எண்ணிக்கொண்டிருந்தாள். தராசுக்காரர் கொஞ்ச நேரம் கண்ணை மூடி மனக்கணக்குப் போட்டார்.

"எழுநூறு கிராம்தானே. நாளைக்கு எட்டு கிராம்கூட வரல. நான் பார்த்துக்கறேன், நீ அழாதே."

அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த தைரியத்தைக் கேட்டு நானே நம்பிவிட்டேன்.

மறுநாள் பட்டறையிலிருந்து இரண்டு மெஷின் வீட்டுக்குள் வந்தன. ஒன்று சாப்பாட்டு மேஜை மேல், தட்டு வைக்க. இன்னொன்று வாசல் பக்கம் தரையில், குழந்தை ஏறி நிற்க. ஒரு கோடு போட்ட நோட்டும் வந்தது. தட்டில் சாப்பாடு வைத்ததும் எடை, சாப்பிட்டு முடித்ததும் எடை, கழித்தால் உள்ளே போனது எவ்வளவு என்று தெரிந்துவிடும். 'முட்டை மஞ்சள் கரு, வைத்தது 17, மிச்சம் 15' என்று எழுதியிருப்பதை என் கண்ணால் பார்த்தேன். ரிப்பேருக்கு வந்த தராசைக்கூட மனுஷன் இவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார். பரீட்சை ஹாலில் வாத்தியார் நிற்கிற மாதிரி மேஜைக்குப் பக்கத்தில் நிற்பார். "இன்னும் நாலு கிராம்தான்டா கண்ணு, நாலே நாலு" என்பார். குழந்தை வாயில் வாங்கியதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். சில நாள் அதைத் துப்புவாள். துப்பினதையும் அவர் நிறுத்தார்.

தினமும் காலையில் குழந்தையைத் தரை மெஷினில் ஏற்றி நிற்க வைப்பார். அவளுக்குப் போட்டுவிடுவதற்கு முன்பே கவுனைத் தனியாக நிறுத்து வைத்து, அந்த எடையைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எண் ஏறியிருந்தால் குழந்தையைத் தூக்கிச் சுற்றுவார், சிரிப்பார், மாடிப்படியில் நின்று எனக்குக் கத்துவார். இறங்கியிருந்தால் ஒன்றும் திட்ட மாட்டார், முகம் மட்டும் தொங்கிப்போய்விடும். குழந்தை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு மெஷின் மேல் நிற்பாள்.

முதல் வாரம் ஒன்றும் பெரிதாக இல்லை. இரண்டாவது வாரத்திலிருந்து எண் ஏற ஆரம்பித்தது. பத்து நூற்றைம்பது, பத்து இருநூறு, பத்து முந்நூறு. தராசுக்காரர் கால் தரையில் படவில்லை. காய்கறிக் கடைக்காரரிடம் சொன்னார், தபால்காரரிடம் சொன்னார், மெஷின் கொண்டுவந்த அத்தனை பேரிடமும் சொன்னார்.

நான் குழந்தையின் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். டேப்பில் ஒரு நூல்கூடக் கூடவில்லை.

"கன்னம் ஒட்டித்தானே இருக்கு மாப்பிள்ளை. எனக்கென்னமோ இளைச்ச மாதிரி தெரியுது."

"கண்ணு ஏமாத்தும் அக்கா. மெஷின் ஏமாத்தாது."

வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று காலை வீட்டு எடை பத்து கிலோ முந்நூற்று நாற்பத்தைந்து. தராசுக்காரர் சலவைச் சட்டை போட்டு, நோட்டை அக்குளில் வைத்துக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி வந்தார். அங்கே புதிதாக ஒரு உணவு ஆலோசகர் சேர்ந்திருந்தாள். சின்னப் பெண், மூக்கில் நிற்காத கண்ணாடி, நிமிஷத்துக்கு ஒரு தரம் அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே பேசுவாள். இவளுக்கு என்ன தெரியும் என்று நான் மனசுக்குள் நினைத்தேன். அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

"கவுன், ஷூ எல்லாம் கழட்டிட்டு மெஷின்ல நிறுத்துங்க" என்றாள்.

தங்கை கவுனைக் கழற்றி இரும்பு நாற்காலியில் போட்டாள். ணங் என்று ஒரு சத்தம். அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கவுன் பாக்கெட்டிலிருந்து ஒரு பித்தளை எடைக்கல் உருண்டு வந்து கண்ணாடிப் பெண்ணின் செருப்பில் மோதி நின்றது. இன்னொன்று, நூறு கிராம் கல், பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.

தேய்ந்துபோன எடைக்கல் தொழிலுக்கு ஆகாது. அதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக் குழந்தைக்கு விளையாடக் கொடுத்திருந்தார். அந்தக் கவுனுக்குப் பெரிய பாக்கெட் வைத்துத் தைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

மெஷினில் எண் வந்தது. பத்து கிலோ ஐம்பது கிராம். ஒரு மாதத்தில் ஏறவே இல்லை, ஐம்பது கிராம் இறங்கியிருந்தது.

தராசுக்காரர் குனிந்து கல்லை எடுத்தார். "இருநூறு கிராம் கல்லு. தேஞ்சது. நூத்தித் தொண்ணூத்தேழுதான் இருக்கும்" என்றார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அந்த மனுஷனுக்கு அந்த நேரத்தில் வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

கண்ணாடிப் பெண் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து குந்துமணியிடம் கேட்டாள்.

"இது எதுக்குடா பாக்கெட்ல?"

"அப்பாக்கு."

"அப்பாக்கு எதுக்கு?"

"இது வச்சா நம்பர் பெரிசா வரும். அப்பா சிரிப்பாங்க."

திருட்டுத்தனம் ஒரு துளியும் இல்லாமல் சொன்னாள். அப்பா எப்போது சிரிக்கிறார் என்று ஒரு மாதமாகப் பார்த்து, அதற்கு என்ன வழி என்று கண்டுபிடித்திருக்கிறாள். அந்தச் சின்ன மண்டைக்குள் இவ்வளவு ஓடியிருக்கிறது. நாங்கள் மூன்று தடிமாடுகள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம். தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தராசுக்காரர் கல்லைக் கையில் வைத்தபடியே அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கண்ணாடிப் பெண் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தாள். கிண்டல் செய்வாள் என்று பார்த்தேன், செய்யவில்லை.

"சார், இதுல எல்லாமே இருக்கு. குழந்தைக்கு என்ன பிடிக்கும்னு மட்டும் எங்கயும் இல்ல. அவ சாப்பிடும்போது நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

"நான் நிறுத்துக்கிட்டு இருப்பேன்."

"அப்போ அவ தனியா சாப்பிடறா. பக்கத்துல ஒருத்தர் எழுதிக்கிட்டு நிக்கறார். எனக்கே தொண்டையில இறங்காது சார்."

அப்புறம் அவள் சொன்னதெல்லாம் மலையைப் பிளக்கிற விஷயம் இல்லை. ரெண்டு மெஷினும் வீட்டை விட்டுப் போக வேண்டும். ரெண்டு மாதத்துக்கு யாரும் குழந்தையை நிறுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை, நேரம் தவறாமல் சாப்பாடு. நடுவில் பால், பிஸ்கெட், ஜூஸ் என்று வயிற்றை நிரப்பக் கூடாது, தண்ணீர் மட்டும். சின்ன வயிறு, அதனால் கொஞ்சத்திலேயே நிறைய சத்து இருக்கட்டும். கஞ்சியில் ஒரு ஸ்பூன் வெண்ணெய், உருளைக்கிழங்கு மசியலில் முட்டை, வாழைப்பழத்தோடு நைசாக அரைத்த வேர்க்கடலை, கெட்டித் தயிர், குழைய வேகவைத்த பருப்பில் எண்ணெய். எல்லாரும் உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும். கெஞ்சக் கூடாது, மிரட்டக் கூடாது, வேடிக்கை காட்டி ஊட்டக் கூடாது. அரை மணி நேரம் ஆனால் தட்டை எடுத்துவிட வேண்டும்.

"என்ன வைக்கறது, எப்போ வைக்கறதுங்கறது உங்க வேலை. எவ்வளவு சாப்பிடறதுங்கறது அவ வேலை. அவ வேலையை நீங்க பார்க்காதீங்க."

"அப்போ ஏறுதா இறங்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் தராசுக்காரர். பரிதாபமாக இருந்தது.

"தெரியாது சார்" என்று கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

டாக்டர் தேதி குறித்துக் கொடுத்தார். அன்றைக்கு எண்ணூறு வரவில்லை என்றால் அங்கேயே சேர்த்துவிடுவோம், துணிமணி எடுத்துக்கொண்டே வாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக இரண்டு மெஷினும் பட்டறைக்குப் போயின. நோட்டை என்னிடம் கொடுத்தார். "நீங்களே வச்சுக்கங்க அக்கா. நான் கேட்டாலும் தராதீங்க." நான் அதைத் துணி வெட்டும் மேஜைக்கு முட்டுக் கொடுத்தேன்.

முதல் ஐந்து நாள் நரகம். குழந்தை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இறங்கி ஓடிவிடுவாள். தராசுக்காரர் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருப்பார். கெஞ்ச வாய் வரும்போதெல்லாம் தன் வாயில் ஒரு கவளத்தைப் போட்டு அடைத்துக்கொள்வார். ஆறாவது நாள் வாழைப்பழமும் வேர்க்கடலையும் பிசைந்து தன் தட்டில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குந்துமணி தன் தட்டைப் பார்த்தாள், அப்பா தட்டைப் பார்த்தாள், கையை நீட்டி அங்கிருந்து ஒரு விரல் வழித்து நக்கினாள். இரண்டிலும் இருந்தது ஒரே சாமான்தான். அப்பா தட்டில் இருப்பதற்கு ருசி கூட என்று நினைத்தாள் போல. அவர் தட்டை அரை விரல்கடை அவள் பக்கம் நகர்த்தினார்.

அன்றிலிருந்து அப்பா தட்டில் கொள்ளையடிப்பது அவளுக்கு ஒரு விளையாட்டாகப் போனது. "ஐயோ, என் முட்டைய யாரோ எடுத்துட்டாங்களே" என்று அவர் வீடு அதிரக் கத்துவார். இவள் வாய் கொள்ளாமல் மென்றுகொண்டே சிரிப்பாள். மூன்றாவது வாரம் தன் தட்டை முடித்துவிட்டு அப்பா தட்டுக்குப் போனாள். ஒரு நாள் காலை பதினொரு மணிக்குப் பட்டறை வாசலில் தன் விளையாட்டுத் தள்ளுவண்டியைத் தள்ளித் தள்ளிக் களைத்துப்போய் வந்து, "பசிக்குதுப்பா, ஏதாவது குடு" என்று கேட்டாள். மாடியில் என் தையல் மெஷின் நின்றுபோனது. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. தராசுக்காரர் ஸ்குரூ டிரைவரைப் போட்டது போட்டபடி சமையலறைக்கு ஓடினார். இந்தக் கூத்தில் அவருக்கு ஒரு சின்னத் தொப்பை விழுந்தது. அதையும் அவர் நிறுத்துப் பார்க்கவில்லை.

எல்லாம் சரியாகப் போகிறது என்று இருந்தபோது ஐந்தாவது வாரம் காய்ச்சல் வந்தது. நாலு நாள் அனலாகக் கொதித்தாள். கஞ்சித் தண்ணீருக்கு மேல் ஒன்றும் இறங்கவில்லை. கழுத்தெலும்பு திரும்ப எட்டிப் பார்த்தது. தங்கை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகத் துணிகளை ஒரு பைக்குள் மடித்து வைக்க ஆரம்பித்தாள். வேண்டாமடி என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கவுனை மடித்துக் கொடுத்தேன்.

காய்ச்சல் விட்ட மறுநாள் மத்தியானம் பின்பக்கம் துணி காயப்போடப் போனேன். பட்டறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஏதோ ஒரு கிளினிக்கிலிருந்து ரிப்பேருக்கு வந்த குழந்தைத் தராசு மேஜை மேல் இருந்தது. அதன் முன்னால் தராசுக்காரர் நின்றார். தோளில் குந்துமணி தூங்கிக்கொண்டிருந்தாள். மெஷினில் பூஜ்யம் எரிந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, என்ன பண்றீங்க?"

அவர் திரும்பவில்லை. "ஒரே ஒரு தடவை அக்கா. அவ தூங்கறா, அவளுக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமே. நாளைக்குத் தட்டுக்கு முன்னால உக்காரும்போது உங்க மூஞ்சி என்ன சொல்லும்? அவ உங்க மூஞ்சியப் படிக்கறவ."

"இருபது வருஷமா எடை தெரியாம ஒரு பொருளையும் கையில வச்சிருந்ததில்ல அக்கா. பயமா இருக்கு" என்றார். பக்கத்தில் போய் நின்றேன். அவரே ஸ்விட்சை அணைத்தார். குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, முட்டை வேகவைக்கிறேன் என்று உள்ளே போனார்.

காய்ச்சல் விட்ட வயிற்றுக்கு வந்த பசி சாதாரணப் பசி இல்லை. விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்தாள். அவர்கள் ஐந்து வேளையைக் கொஞ்ச நாளைக்கு ஆறாக்கினார்கள். தங்கை ஃபேக்டரியிலிருந்து சூடாகக் கொண்டுவந்த ரொட்டியில் வெண்ணெயும் கடலை விழுதும் தடவினால் இரண்டு துண்டு நின்ற நிலையில் காலி. பருப்பு ஊற்றினால் இன்னும் என்பாள். நான் கீழே போனால் என் தட்டிலும் கை வைத்தாள். நாங்கள் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று ஒருத்தருக்கொருத்தர் கண்ணாலேயே மிரட்டிக்கொண்டோம்.

குறித்த தேதி வந்தது. துணிப்பையோடுதான் கிளம்பினோம். குந்துமணிக்குப் பாக்கெட் இல்லாத கவுன். ஆஸ்பத்திரி வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தராசுக்காரர் துணிப்பையை மடியில் வைத்து அதன் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும், "நீங்க போங்க, நான் வெளியில நிக்கறேன்" என்றார். தங்கை அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

கவுனைக் கழற்றினோம். சத்தம் ஒன்றும் வரவில்லை. குழந்தை தானே மெஷினில் ஏறி நின்றாள். தராசுக்காரர் மெஷினைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எண் ஓடியது, தடுமாறியது, நின்றது. கண்ணாடிப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"பதினொரு கிலோ ஐம்பது."

அவள் திரும்பச் சொன்னாள். "சார், பதினொண்ணு ஐம்பது. ரெண்டு மாசத்துல முழுசா ஒரு கிலோ!"

தங்கை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கைதட்டினேன், வெட்கமில்லாமல், ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல். வரிசையில் இருந்த முன்பின் தெரியாத தாய்மார்கள் எட்டிப் பார்த்துவிட்டு அவர்களும் தட்டினார்கள். டாக்டர் எழுதி வைத்திருந்த அட்மிஷன் சீட்டை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். குழாய் கிடையாது, கட்டில் கிடையாது, வீட்டுக்குப் போய்ச் சமையுங்கள் என்றார். அவ்வளவு சந்தோஷத்தை ஒரே அறையில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தராசுக்காரர் அப்போதும் எண்ணைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாப் வரை நல்ல தூரம். குந்துமணியை அவர்தான் தூக்கி வந்தார். அவள் அவர் தோளில் சாய்ந்து, வீட்டுக்குப் போனதும் என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டே வந்தாள். பாதி வழியில் நின்று குழந்தையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். இன்னும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பவும் மாற்றினார்.

"குடுங்க, நான் கொஞ்ச நேரம் வச்சுக்கறேன்" என்றேன்.

"வேணாம் அக்கா." முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். "கை வலிக்குது அக்கா. என் பொண்ணைத் தூக்கி எனக்குக் கை வலிக்குது!"

ஒரு கிலோவுக்கெல்லாமா கை வலிக்கும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவர் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி அதையே சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தார்.